நடையும் நினைவும்: நீரிழிவுடைய முதியோருக்கு இரட்டைப் பயிற்சி

(ஜமாஅத் முதியோர் நலக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நீரிழிவைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். "இனிப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று இங்கே பலர் சொல்லிவிட்டார்கள். அதையே நீங்களும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்" என்றார்கள். அந்த நிபந்தனையை ஏற்று, என் குடும்பத்தில் நான் கண்ட இரண்டு செய்திகளிலிருந்து தொடங்குகின்றேன்.

இரு பெரியவர்கள்

என் வாப்பாவிற்கு ஐம்பத்தெட்டாம் வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டது. அன்று முதல் சுப்ஹு தொழுகை முடிந்தவுடன் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடப்பார்கள். மழையானாலும் பனியானாலும் அந்த நடை நின்றதில்லை. போகும் வழியும் அதே வழி, திரும்பும் இடமும் அதே இடம். பரிசோதனைச் சீட்டைப் பார்க்கும் மருத்துவர்கள் பாராட்டுவார்கள்.

எழுபத்தாறாம் வயதில், ஒரு நாள் காலையில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிய வாப்பா, விழுங்கியதை மறந்து மீண்டும் விழுங்கிவிட்டார்கள். முற்பகல் பதினோரு மணியளவில் உடலெல்லாம் வியர்த்து, நாக்குக் குழறி, என்னையே யாரென்று கேட்கும் நிலையில் அவர்களைக் கண்டோம். இரத்தச் சர்க்கரை 38. அன்று இறைவன் அருளால் பிழைத்துக் கொண்டார்கள். வீடு திரும்பிய பின் மாத்திரைப் பட்டைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்கு ஒத்துவரவில்லை. சில நாட்கள் இரட்டையாகவும், சில நாட்கள் அறவே இல்லாமலும் போயிருந்தன. ஓரிரு ஆண்டுகளாகவே நினைவு தளர்ந்து வந்திருக்கின்றது. பழகிய பாதையில் பழகிய நடை என்பதால் எங்கள் எவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை.

இரண்டாமவர் என் மாமா. கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். வாரிசுப் பங்குக் கணக்கு எதுவானாலும் தாளும் எழுதுகோலும் இல்லாமல் மனத்திலேயே போட்டுச் சொல்லிவிடுவார்கள். நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பாமல் மதிய உணவிற்கு எழமாட்டார்கள். அவர்களுக்கும் நீரிழிவு இருந்தது. ஆனால் சாய்வு நாற்காலியை விட்டு எழுவது தொழுகைக்கும் உணவிற்கும் மட்டுமே. தொடைகள் மெலிந்து கொண்டே வந்தன. ஒரு நாள் பள்ளிவாசல் ஹவுளின் ஈரப்படியில் இறங்கிக் கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு தம்பி "அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா" என்றார். பதில் சொல்லத் தலையைத் திருப்பினார்கள்; கால் இடறியது; இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் ஏழு மாதம் படுக்கை. அந்தக் கூர்மையான நினைவும் படுக்கையிலேயே மங்கிப் போய், பின்னர் மவுத்தானார்கள்.

வாப்பா உடலைப் பேணினார்கள். மனத்திற்குப் புதிய வேலை கொடுக்கவில்லை. மாமா மனத்தைத் தீட்டினார்கள். உடலை நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள். நீரிழிவு இருவரையும் அவரவர் பேணாத பக்கத்தில் பிடித்தது. ஆகவே இன்று நான் வலியுறுத்த வந்திருப்பது ஒன்றே: நீரிழிவுடைய முதியவர் உடற்பயிற்சியையும் மனப்பயிற்சியையும் சேர்த்துச் செய்ய வேண்டும், இயன்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

சர்க்கரை மூளையை எட்டும் வழி

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் கெடுக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மூளையையும் கெடுக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக் கொள்கின்றது. அந்த ஆற்றலைக் கொண்டு சேர்ப்பவை மயிரிழை போன்ற நுண்குழாய்கள். பல ஆண்டுகள் நீடித்த உயர் சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் அக்குழாய்களைத் தடிக்கச் செய்து அடைக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் சுமார் ஒன்றரை மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றார்கள்.

உயர் சர்க்கரை மெல்லக் கெடுக்கும். தாழ் சர்க்கரையோ உடனே கெடுக்கும். அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட நீரிழிவு முதியோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மருத்துவமனைக்குச் செல்லும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் மிகுதியாக வந்ததைக் காட்டியது. இங்கே ஒரு சுழற்சி இருப்பதைக் கவனியுங்கள். மறதியால் மாத்திரை இரட்டிக்கின்றது. அதனால் சர்க்கரை தாழ்கின்றது. தாழ்ந்த சர்க்கரை மூளையைத் தாக்கி மறதியை வளர்க்கின்றது.

அப்படியானால் மருந்தால் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்துவிட்டால் மூளை காப்பாற்றப்படுமா? வட அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 நீரிழிவு நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தவர்களின் நினைவும் சிந்தனை வேகமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 40 மாதங்களுக்குப் பின்னும் மேம்பட்டிருக்கவில்லை. இதனால் மருந்து வேண்டாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். மருந்து இன்றியமையாதது, ஆனால் மூளையைக் காக்கும் முழுப் பொறுப்பையும் மருந்தின் மேல் சுமத்திவிட்டு நாம் சும்மா இருக்க இயலாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடி மக்கள் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. அதே 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்விரண்டு எண்ணிக்கைக்குள்ளும் நம் ஜமாஅத்தாரும் அடங்கியிருக்கின்றார்கள்.

தசை செய்யும் வேலை

நாம் உண்ட உணவின் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிப்பது தசை. இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் தசை திறக்கும். நீரிழிவில் அந்தத் தட்டலுக்குத் தசை செவி சாய்ப்பதில்லை. ஆனால் தசை இயங்கும்போது, இன்சுலின் தட்டாமலேயே கதவு திறந்து கொள்கின்றது. ஆகவேதான் நடந்தால் சர்க்கரை குறைகின்றது. தொடையும் இடுப்பும் உடலின் மிகப் பெரிய தசைகள். அவை மெலிந்தால் சர்க்கரையைச் சேமிக்கும் இடமும் சுருங்குகின்றது. விழாமல் தாங்கும் தூணும் மெலிகின்றது. என் மாமாவிற்கு நேர்ந்தது இதுவே.

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 60 வயதைக் கடந்த, நீரிழிவு வரும் நிலையில் இருந்த சிலரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒவ்வொரு வேளை உணவிற்குப் பின்னும் 15 நிமிடம் நடப்பது, காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதற்கு ஈடாக நாள் முழுவதும் சர்க்கரையைக் குறைத்தது. இரவு உணவிற்குப் பிந்தைய சர்க்கரையை அதைக் காட்டிலும் நன்றாகக் குறைத்தது. 45 நிமிடம் நடக்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காக இதைக் கூறுகின்றேன்.

நடை மூளைக்கும் உணவாகின்றது. அமெரிக்காவில் 120 முதியோரைக் கொண்டு செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் ஓராண்டு முறையாக நடந்தவர்களுக்கு, நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. உடலை நீட்டி வளைக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது.

நடக்கும்போது பேச முடிகின்றதா?

நடப்பது கால்களின் வேலை என்று நாம் எண்ணுகின்றோம். இளமையில் அது ஏறத்தாழ உண்மையே. முதுமையிலோ ஒவ்வோர் அடிக்கும் மூளையின் கவனம் தேவைப்படுகின்றது. நீரிழிவால் பாதத்தின் உணர்வு குறைந்தவருக்குத் தரை எங்கே இருக்கின்றது என்ற செய்தி பாதத்திலிருந்து சரியாக வருவதில்லை. அந்தக் குறையைக் கண்ணும் கவனமும் ஈடு செய்கின்றன. அந்தக் கவனத்தை வேறொன்று இழுத்துக் கொண்டால் நடை தடுமாறுகின்றது.

சுவீடன் நாட்டில் 1997-இல் வெளியான ஓர் எளிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இல்லங்களில் தங்கியிருந்த 58 முதியோருடன் நடந்து கொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்குள் அந்தப் பன்னிருவரில் 10 பேர் விழுந்தார்கள். இதைப் படித்தபோது, ஸலாமுக்குப் பதில் சொல்லத் திரும்பி ஹவுள் படியில் விழுந்த என் மாமாவின் முகம் கண்முன் வந்தது.

நடையும் நினைவும் மூளைக்குள் ஒரே பண்டகசாலையிலிருந்து செலவாகின்றன. எனவே இரண்டையும் ஒன்றாகப் பழக்கினால் இரண்டும் வலுப்பெறும் என்பதே இப்பயிற்சியின் அடிப்படை.

உலகில் செய்து பார்த்தவை

பின்லாந்து நாட்டில், மறதி நோய் வரும் அபாயம் மிகுந்த 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உடல்நல அறிவுரை மட்டும். மற்றப் பிரிவினருக்கு இரண்டு ஆண்டுகள் தசைப் பயிற்சி, நடை, கணினி வழி நினைவுப் பயிற்சி, உணவு ஒழுங்கு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனித்தல் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. இரு பிரிவினருமே முன்னேறினார்கள். ஆனால் கூட்டுப் பயிற்சி பெற்றவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக முன்னேறியிருந்தது.

கனடாவில், நினைவு சற்றே தளர்ந்த 65 முதல் 84 வயது வரையிலான 175 பேருக்கு 20 வாரங்கள், வாரம் மூன்று நாட்கள் பயிற்சி அளித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி பெற்றவர்களின் நினைவு மேம்பட்டது. உடற்பயிற்சியுடன் மனப்பயிற்சியும் பெற்றவர்களுக்கு முன்னேற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. சேர்த்துக் கொடுத்துப் பார்த்த வைட்டமின் டி மாத்திரையால் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. நினைவாற்றல் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிப்போர் இதைக் கவனிக்க வேண்டுகின்றேன்.

இந்த ஆய்வுகள் நீரிழிவுடையோரை மட்டும் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. முதியோர் பொதுவில் செய்யப்பட்டவை. ஆனால் இவை சீர்செய்ய முனைந்த குறைகள் யாவும் நீரிழிவுடையோரிடம் மிகுந்து காணப்படுபவை.

ஜப்பான் நாட்டு ஓபு நகரில் உள்ள தேசிய முதியோர் மருத்துவ மையம், 'காக்னிசைஸ்' என்ற பெயரில் மிக எளிய முறை ஒன்றை வகுத்துள்ளது. நின்ற இடத்தில் காலை எடுத்து வைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மூன்றின் மடங்கு வரும்போது கை தட்ட வேண்டும். அவ்வளவே. கருவியோ செலவோ தேவையில்லை. அவர்கள் கூறும் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: தவறே வராமல் செய்யப் பழகிவிட்டால் அந்தப் பயிற்சியின் பயன் குறைந்துவிட்டது, அதை மாற்றிவிட வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் ஒரே சாலையில் நடந்த என் வாப்பாவிற்கு யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

பயிற்சி முறை

இனி, நம் ஊரில் நாம் செய்யக்கூடிய 45 நிமிடப் பயிற்சியைக் கூறுகின்றேன். வாரம் மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாட்களில் உணவிற்குப் பின் இயன்ற அளவு நடை. வாரத்திற்கு மொத்தம் 150 நிமிட மிதமான நடையும், இரண்டு அல்லது மூன்று நாட்கள் தசைப் பயிற்சியும், முதியோர்க்குச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்பது நீரிழிவு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு.

முதல் 5 நிமிடம் உடலைத் தயார் செய்தல். கை, தோள், கணுக்கால்களை மெதுவாக அசைக்க வேண்டும். அப்போது நடத்துபவர் பத்துப் பொருள்களின் பெயரைச் சொல்வார்: குடை, எலுமிச்சை, சாவி என்பன போல. அவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த 10 நிமிடம் தசைப் பயிற்சி. கையில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்து எழுந்து அமர வேண்டும். எட்டு முதல் பத்து முறை. பிறகு சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குதல். பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுதல். மூச்சை அடக்கக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுப் பின்னோக்கிச் சொன்னால் மூச்சும் அடங்காது, மனமும் வேலை செய்யும்.

அடுத்த 20 நிமிடம் நடையும் நினைவும். இருவர் இருவராக, மேடு பள்ளம் இல்லாத கூடத்தில் நடக்க வேண்டும். நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கலாம். மண்டபம், உச்சிப்புளி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று இரயில் நிலையங்களைச் சொல்லிச் சென்று, திரும்பும்போது அவற்றைத் தலைகீழாகச் சொல்லலாம். ஒருவர் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல, அதன் கடைசி எழுத்தின் ஓசையில் தொடங்கும் ஊரை மற்றவர் சொல்லலாம். 'வலம்' என்றால் இடப்பக்கமும் 'இடம்' என்றால் வலப்பக்கமும் அடி வைக்கலாம். சிரிப்பு வரும், தவறு வரும், வர வேண்டும்.

அடுத்த 5 நிமிடம் சமநிலை. சுவரின் அருகே ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்க வேண்டும். இறுதி 5 நிமிடம் அமர்ந்து இளைப்பாறுதல். அப்போது முதலில் சொன்ன பத்துப் பொருள்களை நினைவுகூர வேண்டும். முதல் வாரம் நான்கு நினைவிற்கு வந்தாலும் போதும்.

தாய்மார்கள் இதனை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பேரப்பிள்ளையைக் கணக்குக் கேட்கச் சொன்னால் அதுவே பயிற்சி.

கவனிக்க வேண்டியவை

தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 90-க்குக் கீழ் இருந்தால் சிறிது உணவு உண்ட பின்பே தொடங்க வேண்டும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் கண்டால் உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்த வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெறுங்காலுடன் பயிற்சி செய்யக் கூடாது. முன்னும் பின்னும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்வற்ற பாதத்தில் பட்ட சிறு காயத்தை வலி அறிவிக்காது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் பாரம் தூக்குதல், மூச்சை அடக்கி முக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ அளவுக்கு மீறிய இளைப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். நீரிழிவில் மாரடைப்பு வலியில்லாமலும் வரும்.

முக்கியமான ஒன்று: கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பது கூடத்திற்கும் முற்றத்திற்கும் உரியது. வாகனம் ஓடும் சாலையில் முழுக் கவனமும் சாலையில்தான் இருக்க வேண்டும். முன்பே விழுந்தவர்கள் மனப்பயிற்சியை முதலில் அமர்ந்தபடி செய்து, பிறகு சுவரைப் பிடித்து நின்று, அதன் பின்பே நடையுடன் சேர்க்க வேண்டும்.

மறதி தோன்றினால் முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அக்குறை நரம்பையும் நினைவையும் பாதிக்கும். எளிய பரிசோதனையால் கண்டறிந்து சரிசெய்ய இயலும். காது கேளாமையும் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று. நினைவு தளர்ந்தவருக்குச் சர்க்கரை இலக்கைச் சற்றுத் தளர்த்தி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என மருத்துவர்கள் முடிவு செய்வதுண்டு. அதனால் தாழ் சர்க்கரை தவிர்க்கப்படும். ஆகவே மறதியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஏழு நாட்களுக்கு ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்று ஒவ்வொரு மூத்தோர் வீட்டிலும் இருக்கட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அடுத்த வீட்டார் வாரம் ஒரு முறை அதனை நிரப்பிக் கொடுத்தால் பேருதவியாகும்.

ரமளானைப் பற்றியும் கேட்பீர்கள். நோன்பு நோற்கலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நோற்பவர்கள் பகலில், குறிப்பாக இஃப்தாருக்கு முந்தைய நேரத்தில், கடும் பயிற்சி செய்ய வேண்டாம். தராவீஹ் தொழுகையையே அன்றைய உடற்பயிற்சியின் பகுதியாகக் கொள்ளலாம் என்று ரமளான் நீரிழிவு வழிகாட்டுதல்களே கூறுகின்றன. சர்க்கரை 70-க்குக் கீழே தாழ்ந்தாலோ 300-க்கு மேல் உயர்ந்தாலோ நோன்பை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டுதலே.

ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

தனியாகத் தொடங்கும் பயிற்சி மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும் என்பது என் தொழிலில் நான் கண்ட உண்மை. கூடிச் செய்வது நிலைக்கும். தனிமையே மறதி நோய்க்குரிய காரணங்களுள் ஒன்று எனும்போது, கூடுவதே பாதி மருந்தாகின்றது. ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தினரை நான் வேண்டுவது இது: மதரஸாக் கூடத்தை வாரம் மூன்று நாட்கள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், தாய்மார்களுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். நான்கு இளைஞர்களைத் துணைக்கு நிறுத்துங்கள். 12 வாரங்களுக்கு நான் ஊதியமின்றி வந்து கற்றுத் தருகின்றேன்.

முதல் நாளும் கடைசி நாளும் மூன்று அளவுகளைக் குறித்து வைப்போம். முதலாவது, 30 நொடிகளில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ இயலுகின்றது. 70 முதல் 74 வயது வரையிலான ஆண்கள் 12-க்குக் குறைவாகவும் பெண்கள் 10-க்குக் குறைவாகவும் எழுந்தால் விழும் அபாயம் உண்டு. இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமர எத்தனை நொடி ஆகின்றது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. மூன்றாவது, அதே நடையை எண்ணைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடந்தால் எத்தனை நொடி ஆகின்றது. அந்த வேறுபாடு குறைந்தால் நம் பயிற்சி பயன் தந்தது என்று பொருள்.

இறுதியாக என் வாப்பாவின் செய்தி. அந்த நிகழ்ச்சிக்குப் பின் மாத்திரைப் பெட்டியின் பொறுப்பை உம்மா ஏற்றுக்கொண்டார்கள். நடைக்கு என் மகன் உடன் சென்றான். நாள்தோறும் வழியை மாற்றினான். பழைய கடைத்தெருவில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த கடைகளை வரிசையாகச் சொல்ல வைத்தான். பின் தலைகீழாகக் கேட்டான். போன நினைவு முழுவதும் திரும்பிவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஆனால் இரட்டை மாத்திரை மீண்டும் நேரவில்லை. ஒரு முறையும் அவர்கள் விழவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து மவுத்தாகும் வரை எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒரு மகனுக்கு அது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இங்கே இருக்கும் மகன்களும் மகள்களும் அறிவீர்கள்.

மூத்தோர்களே, நாளை நீங்கள் நடக்கும்போது ஒருவரை உடன் அழைத்துக் கொள்ளுங்கள். வழியை மாற்றுங்கள். மூன்று மூன்றாக எண்ணத் தொடங்குங்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் மூத்தோர்க்குத் தெளிந்த நினைவையும் தளராத காலையும் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்.